குமரன் கையில் ராட்டைக் கொடி, மிச்சத் துணியில் போர்வை

கேள்வி: ஜூலை 6, ஞாயிறு

என் பேத்தி மூன்றாவது படிக்கிறாள். ஆகஸ்ட் 15க்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. யாரிடமும் கேட்காமல் 'கொடிகாத்த குமரன்' என்று பேர் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஆண் வேஷம் என்று மருமகள் முறைக்கிறாள். வாடகைக் கடையில் ஜிப்பா, வேட்டி, குல்லா, கொடி எல்லாம் ஒரே செட்டாகத் தருகிறார்கள். வாங்கிவிடலாமா, வீட்டிலேயே தைக்கலாமா? எனக்கு நேர்த் தையல் மட்டும் வரும். நீங்கள் போர்வைப் படம் போடும்போதெல்லாம் "இது வேஷத் துணி மிச்சம்" என்று எழுதுகிறீர்களே, அது எப்படி என்றும் சொல்லுங்கள். (பெருந்துறைப் பக்கம் ஒரு பாட்டி)

பதில்: ஜூலை 6, இரவு

வாடகைக்கு வாங்காதீங்க அக்கா. துணி மோசம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் செட்டில் இருக்கும் கொடியைப் பாருங்க, நடுவில் அசோகச் சக்கரம் இருக்கும். குமரன் அடி வாங்கியது 1932 ஜனவரி 10. சக்கரம் கொடிக்குள் வந்தது 1947 ஜூலை 22. அந்த ஆள் செத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்த கொடியை அவர் கையில் கொடுக்கிறோம். முப்பது வருடம் தையல் டீச்சராக இருந்து, ஆகஸ்ட் 15க்கு ஆகஸ்ட் 15 ஒரு டஜன் குமரனுக்குக் குல்லா தைத்தவள் நான். அத்தனை பேர் கையிலும் சக்கரக் கொடிதான். எனக்கே இது உறைத்தது ரிட்டயர் ஆனபிறகு.

அவர் கையில் இருக்க வேண்டியது ராட்டை போட்ட கொடி. காவி, வெள்ளை, பச்சை. வெள்ளையின் நடுவில் கருநீலத்தில் ராட்டை. தையுங்க. நேர்த் தையல் போதும்.

ஜூலை 7

ராத்திரி படுத்தபிறகு ஒரு சந்தேகம். காவி-வெள்ளை-பச்சையை காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது 1931 ஆகஸ்டில். குமரன் ஊர்வலம் போனது அதற்கு ஐந்து மாதம் கழித்து. அதற்கு முன்னால் புழங்கிய கொடி வேறு: மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. ஐந்து மாதத்தில் எல்லா ஊரிலும் பழைய கொடியைத் தூக்கிப் போட்டிருப்பார்களா? என் அமத்தா (அம்மாவின் அம்மா) வீட்டில் சேலை கிழிந்து தொட்டில் ஆகி, தொட்டில் கிழிந்து கரித்துணி ஆகும்வரை எதையும் தூக்கிப் போட்டதில்லை. ஆனால் இரண்டு கொடியிலும் ராட்டை உண்டு. அதனால் நேற்று நான் எழுதியதில் நிறத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்க, ராட்டையை விடாதீங்க. தைக்கிறதுக்குக் காவி-வெள்ளை-பச்சையே வைத்துக்கொள்ளலாம். மற்றதைத் தைத்தால் நீதிபதியாக உட்காருகிறவர் வேறு நாட்டுக் கொடி என்பார்.

ஜூலை 7, மத்தியானம்

'ஆண் வேஷம் எதுக்கு' என்பதற்குப் பதில் எழுத மறந்துவிட்டேன். கூத்தில் காலகாலமாக மீசைக்காரர்கள் சேலை கட்டித் திரௌபதையாக அழுகிறார்கள், அதை யாரும் கேட்பதில்லை. மருமகளுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம், வீட்டில் சண்டை வரும்.

ஜூலை 10

உடுப்பு. வெள்ளைக் காடாத் துணி இரண்டரை மீட்டர். பாலிஸ்டர் வேண்டாம், மேடை வெளிச்சத்தில் மினுமினுக்கும், கதர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்காரர்கள் யாராவது தெரிந்திருந்தால் கேட்டுப் பாருங்க. கொஞ்சம் முடிச்சும் பிசிறும் இருக்கிற காடா கிடைக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. வாங்கியதும் ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பொடக்காளியில் (வீட்டுக்குப் பின்னால்) துணிக் கயிற்றில் போட்டுக் காயவைத்து, பிறகுதான் கத்தரி. காடா துவைத்தால் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் அடுத்த வருடம் அந்த ஜிப்பா பேத்தியின் பொம்மைக்குத்தான் ஆகும்.

குல்லாவுக்குப் பழைய கேலண்டர் அட்டையில் முதலில் வெட்டிப் பாருங்க. இரண்டு நீளத் துண்டு, நடுவில் படகு மாதிரி ஒரு துண்டு, அவ்வளவுதான்.

தலையில் ரத்தம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். என் பள்ளியில் ஒருமுறை ஒரு பையன் முகத்தில் தக்காளி சாஸைக் கவிழ்த்துக்கொண்டு மேடையேறி, ஈ மொய்த்து, கொடியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் ஈ ஓட்டினான். கொடியைக் காத்தவர் வேஷத்தில்! நெற்றியில் குங்குமத்தைக் குழைத்து ஒரு கோடு போட்டால் போதும்.

ஜூலை 13, ஞாயிறு

இப்போ போர்வை. இதைப் பற்றித்தான் எனக்கு எழுத ஆசை. குமரன் பிறந்த ஊர் சென்னிமலை. நெசவுக் குடும்பம். பிறந்தது 1904 அக்டோபர் 4, சாகும்போது இருபத்தேழு. சென்னிமலை என்றால் இன்றைக்கும் பெட்ஷீட்தான். நான் தைக்கும் எல்லாப் போர்வைக்கும் நடு அடுக்கு ஒரு பழைய சென்னிமலை பெட்ஷீட். யோசித்துச் செய்ததில்லை, என் கல்யாணத்துக்கு வந்த சீரில் அத்தனை பெட்ஷீட் இருந்தது. ஆனால் குமரன் குல்லாவின் மிச்சத் துணியை அவர் ஊர் பெட்ஷீட்டின் மேல் வைத்துத் தைக்கும்போது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூன்று அடுக்கு. மேலே ஒட்டுத் துணி, நடுவில் பெட்ஷீட், அடியில் நைந்த நூல் சேலை. ஆறு அங்குலச் சதுரமாக 140 துண்டு வெட்டுங்க. அகலத்துக்குப் பத்து, நீளத்துக்குப் பதினாலு. 60க்கு 84 அங்குலம் வரும், ஒரு ஆள் தாராளமாகப் போர்த்தலாம்.

ஜூலை 13, ஒரு மணி நேரம் கழித்து

தப்பு. முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தவள் போடுகிற கணக்கா இது. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குள் போகும். ஆறு வெட்டினால் ஐந்தரைதான் மிஞ்சும். 55க்கு 77தான் வரும், கால் வெளியே நீட்டும். ஆறரை அங்குலமாக வெட்டுங்க. ஏற்கெனவே வெட்டிவிட்டீர்கள் என்றால் பேத்திக்குப் போதும், அவள் நீளம் அவ்வளவுதான் இருப்பாள்.

ஜூலை 14

திருப்பூரில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: எங்கள் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கிறது, அதில் தைக்கலாமா என்று. நானும் ஆசைப்பட்டுச் சூடு பட்டவள்தான். பனியன் துணி பின்னல் துணி. இழுத்தால் நீளும், வெட்டிய ஓரம் பாய் மாதிரிச் சுருண்டுகொள்ளும். அதையும் தறித் துணியையும் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தேன். தைக்கும்போது ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஒரு துவையல் துவைத்ததும் பனியன் சதுரமெல்லாம் வயிறு தள்ளி, காடாச் சதுரமெல்லாம் சிக்கெனச் சுருங்கி, போர்வை இட்லித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. முழுப் போர்வையும் பனியன் துணியில் தைத்தால் தப்பில்லை. கலக்காதீங்க.

கைத்தையலாக நூலோட்டம் போடும்போது நடுவில் ஆரம்பித்து வெளியே போகணும். ஓரத்தில் ஆரம்பித்தால் துணி நடுவில் கூடிக்கொண்டு கொப்புளம் போடும். மூன்று அடுக்கும் சேருகிற முனையில் சின்ன ஊசி வளையும். அமத்தா கோணி ஊசியை எடுப்பாள். தாவாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, துணியைத் தொடைமேல் போட்டு, மேலே ஒரு அரிசி அளவு, உள்ளே ஒரு அரிசி அளவு என்று ஓட்டிக்கொண்டே போவாள். கண்ணாடி கிடையாது. விரல் நுனியாலேயே முந்தின தையலைத் தடவிப் பார்த்து அடுத்ததைப் போடுவாள். நான் கண்ணாடி போட்டும் அந்த அரிசி எனக்குச் சோளமாகத்தான் வருகிறது.

கன்னடம் பேசுகிற பக்கத்து வீட்டு அம்மா இதைக் கௌதி என்பார். கர்நாடகாவில் அப்படித்தான் பேராம். நாங்கள் வெறும் ஒட்டுத்துணிப் போர்வை என்போம். சிலர் பவானி ஜமக்காளம் இருக்கும்போது இது எதுக்கு என்கிறார்கள். ஜமக்காளம் ஒரம்பரை (விருந்தாளி) வந்தால் விரிக்கிறது. அதைப் போர்த்திக்கொண்டு தூங்கிப் பாருங்க, தெரியும்.

ஜூலை 20

"கூலிக் கணக்குப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று ஒரு அண்ணன். போட்டேன். ஒரு போர்வைக்கு எனக்கு மூன்று மாதம் ஆகிறது. கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அவர் சீட்டாடுகிற நேரத்துக்கு எவ்வளவு கூலி என்று அவரும் சொல்லட்டும்.

ஜூலை 27

அக்கா தனியாகக் கேட்டிருந்தார்: நீங்களே வேஷம் போடுவீர்களாமே என்று. ஆமாம். நாகம்மையார். பத்து வருடம் ஆகிறது. பள்ளி விழா, மகளிர் தின விழா என்று கூப்பிட்டால் போவேன். ஒரு கதர்ச் சேலை, மினுக்கு இல்லாத சாதாரணக் கொண்டை, அவ்வளவுதான் செலவு. 1921 ஈரோடு கள்ளுக்கடை மறியல்தான் என் காட்சி. பெரியார் கைதானபிறகு மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது, அது என் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக எல்லோரும் எடுத்துச் சொல்லும் கதை இவர்களைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டுக்காரரைப் பெரியாராக நிற்கச் சொன்னேன். அந்தக் காலத்தில் பெரியார் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றார் என்று படித்துவிட்டு, "மூட்டை தூக்கறதுக்கு மட்டும் நானாக்கும்" என்று மறுத்துவிட்டார்.

இதில் நான் செய்த ஒரு காரியத்தை இங்கே எழுதலாமா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

ஜூலை 28

எழுதிவிடுகிறேன். மறியலில் நின்றார்கள் என்பது தெரியும். கடை வாசலில் நின்றுகொண்டு நாகம்மையார் என்ன பேசினார் என்று என்னிடம் ஒரு வரிகூட இல்லை. மேடையில் பேசாமல் நிற்க முடியுமா? நானே எழுதினேன். "கள்ளுக்கடை வாசல்ல நிக்கறது எங்களுக்குப் புதுசு. அடுப்படியில நின்னு அழுவறதுதான் பழசு." கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்த இடத்திலும் அதையே பேசினேன். நாலு வருடம் பேசினேன்.

பிறகு ஒரு பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். ஒன்பதாவது படிக்கிற பையன், நல்ல குரல். நடுவில் கையை ஓங்கி, "அன்று நாகம்மையார் முழங்கினார்" என்றான். என் வரி. ஒரு எழுத்து மாறவில்லை. பக்கத்தில் இருந்த மற்ற இரண்டு நடுவர்களும் தலையை ஆட்டி ரசித்தார்கள். ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்! எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அந்த மார்க் ஷீட்டில் 'கருத்து' என்று ஒரு கட்டம், பத்து மார்க்குக்கு. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை.

பத்துக்கு ஒன்பது போட்டேன். முதல் பரிசு அவனுக்குத்தான். முடிந்ததும் வராண்டாவில் கூப்பிட்டு, அந்த வரி நான் எழுதினது கண்ணு, அவங்க சொன்னதில்லை என்றேன். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "அப்ப பரிசத் திருப்பிக் குடுக்கணுங்களா டீச்சர்?"

ஜூலை 28, இரவு

பலர் கேட்டுவிட்டீர்கள். இல்லை, திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியது அவன் இல்லை.

ஜூலை 30

அதன்பிறகு என்ன செய்கிறேன் என்று கேட்டவருக்கு: வரியை எடுத்துப் பார்த்தேன், காட்சி செத்துவிட்டது. திரும்பச் சேர்த்தேன். இப்போ ஒரு ஏற்பாடு. மேடையில் கண்ணாடியைக் கழற்றினால் நாகம்மை, போட்டால் நான். அந்த வரியைச் சொன்னதும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "இது நான் சேர்த்தது. அவங்க நின்னது மட்டும்தான் நிசம்" என்பேன். முதல் தடவை யாரும் கைதட்டவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவது தடவையிலிருந்து பிள்ளைகள் நான் எப்போ கண்ணாடி போடுவேன் என்றே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பேச்சைக் கவனிப்பதில்லை. முழுசாகச் சரிவந்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 3, ஆடி 18

இன்றைக்கு தீரன் சின்னமலையின் நினைவிடம் இருக்கிற ஓடாநிலையில் கூட்டம். எங்கள் தெருப் பையன் சின்னமலை வேஷத்தில் பிளாஸ்டிக் வாளோடு கிளம்பினான். நான் தைத்த தலைப்பாகை, மிச்சம் போன வருடப் போர்வையில் மூன்றாவது வரிசை. அவன் அப்பா கேட்டார்: தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கில் போட்டது 1805 ஜூலை 31 என்று போட்டிருக்கிறார்கள், நாம் ஆடிப்பதினெட்டில் கும்பிடுகிறோம், அது ஆகஸ்டில் அல்லவா வருகிறது, எது தப்பு?

ஒன்றும் தப்பில்லை என்று என் தம்பி விளக்கினான், அவன் பஞ்சாங்கப் பைத்தியம். நம் தமிழ் வருடம் ஆங்கில வருடத்தைவிடச் சுமார் இருபது நிமிடம் நீளம். எழுபத்திரண்டு வருடத்துக்கு ஒரு நாள் கூடிப்போகும். 1805இலிருந்து இன்றைக்கு 220 வருடம், மூன்று நாள் தள்ளிவிட்டது. அன்றைய ஆடி 18 ஜூலை 31ஐ ஒட்டித்தான் வந்திருக்கும். இரண்டும் ஒரே நாள். எனக்கு இது தீபாவளிச் சேலை கிடைத்த மாதிரி இருந்தது. இத்தனை வருடம் இரண்டில் ஒன்று பொய் என்று நினைத்திருந்தேன்.

மீசை பற்றிக் கேட்காதீங்க. அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் உலகத்தில் போட்டோவே வந்தது. சிலைகளில் இருக்கிற மீசை சிற்பிகளின் மீசை.

ஆகஸ்ட் 5

போன வருடம் ஒரு போர்வையில் சிவப்புச் சதுரம் சாயம் போய், வெள்ளையெல்லாம் ரோஸ் ஆனது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று இங்கே திட்டி எழுதியிருந்தேன். அவர் மேல் பழியில்லை. முதல் துவையலில் வெந்நீர் ஊற்றியது நான். எங்கள் வீட்டுக்காரர் அப்போதே சொன்னார், அவருடைய வேட்டியும் அதே வாளியில்தான் இருந்தது. சிவப்புத் துணி எதுவானாலும் தனியாக, பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளிகிறவரை அலசிவிட்டுத்தான் வெட்டணும்.

ஆகஸ்ட் 9

அக்கா படம் அனுப்பியிருக்கிறார். ஜிப்பா பிரமாதம். குல்லா கொஞ்சம் பெரிசு, உள்ளே ஒரு மடிப்பு பிடிங்க. ராட்டையைப் பேத்தியே வரைந்து, பாட்டி கருநீல நூலில் பின் தையல் போட்டிருக்கிறார். சக்கரம் முட்டை மாதிரி இருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

கேட்டதற்குப் பதில்: மிச்சமிருக்கும் காவி, பச்சைத் துணியைப் போர்வையில் சேர்க்கலாம், ஆனால் காவி-வெள்ளை-பச்சை என்று வரிசையாக வைத்து நடுவில் சக்கரம் போட்டுவிடாதீங்க. தேசியக் கொடியை மெத்தை உறையிலும் கைக்குட்டையிலும் பூப்போட்டுத் தைப்பதையே அவமதிப்பு என்கிறது 1971 சட்டம். இடுப்புக்குக் கீழே உடுப்பாகப் போடுவதும் அப்படித்தான். கால்மாட்டில் கிடக்கிற போர்வையில் எதுக்கு வம்பு? பச்சையை ஒரு மூலைக்கும் காவியை இன்னொரு மூலைக்கும் தள்ளிவிடுங்க.

வசனம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். எழுதித் தர மாட்டேன், காரணம் மேலே இருக்கிறது. ஜனவரி 10 ஊர்வலம், தடியடி, கொடியைக் கீழே விடவில்லை, மறுநாள் 11ஆம் தேதி உயிர் போனது. இதை அவள் தன் வாயால் சொல்லட்டும். 'நான்' என்று வேண்டாம், 'அவர்' என்று சொல்லச் சொல்லுங்க.

ஆகஸ்ட் 15, சாயந்திரம்

அக்காவிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. நாலு தடவை போனைப் பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 16

வந்தது. பரிசு இல்லை. நடுவர் கேட்டாராம், "ஏம்மா, கொடியில அசோகச் சக்கரம் எங்க? தப்பாத் தைச்சுட்டாங்களே." சக்கரக் கொடி வைத்திருந்த இன்னொரு குமரனுக்கு இரண்டாம் பரிசு. என் பேச்சைக் கேட்டு அந்தப் பிள்ளைக்குப் போனது. அக்கா, என்னைத் திட்டுங்க, வாங்கிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 16, இரவு

அக்கா திட்டவில்லை. பேத்தி மேடையிலேயே, "அப்ப சக்கரம் வரலைங்க சார், 1947லதான் வந்துச்சு" என்றாளாம். நடுவர் சிரித்து, "நல்லாப் பேசற" என்று கன்னத்தைத் தட்டி அனுப்பிவிட்டாராம். வீட்டுக்கு வந்து அழவில்லை. தோசை மூன்று சாப்பிட்டாளாம். மருமகள்தான் பள்ளிக்குப் போய்க் கேட்கிறேன் என்று நிற்கிறாளாம், ஆண் வேஷம் எதுக்கு என்ற அதே மருமகள்.

ஜிப்பாவைப் பிரித்து ஆறரை அங்குலமாக வெட்டலாம் அக்கா, நாலு சதுரம் தேறும். கொடியையும் போர்வையில் சேர்க்கட்டுமா என்று கேட்கிறீர்கள். அதில் சக்கரம் இல்லை, சட்டம் தடுக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வெட்டாதீங்க. வேப்பிலை போட்டு மடித்து பீரோவில் வையுங்க. ஜனவரி 11 வருது.